சேலைத் தொட்டிலில் இரண்டு நாள்

இடுப்புத் துணியை அவிழ்த்தேன். வெள்ளைத் துணி. நடுவில், பால் ஊற்றாத தேத்தண்ணியைக் கொட்டின மாதிரி ஒரு வட்டம்.

காலை ஏழரை மணி இருக்கும். பாசிர் கூடாங்கில் ஒரு தாமான் குடியிருப்பு வீடு. ஜன்னல் ஓரம் பாய் போட்டுப் பிள்ளையைப் படுக்க வைத்திருந்தேன். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். அடுப்பில் வெந்நீர்.

பிறந்து பதினோரு நாள் ஆன பிள்ளையின் மூத்திரம் துணியில் கறை வைக்காது. தண்ணி மாதிரி இருக்கும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளின் துணியை அலசியிருக்கிறேன். இந்த நிறத்தைப் பார்த்ததில்லை.

நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தேன். அழுத்தின இடம் மஞ்சள். நெஞ்சை அழுத்தினேன். மஞ்சள். தொடை. மஞ்சள். உள்ளங்காலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். அங்கேயும்.

உதட்டைப் பார்த்தேன். உதட்டில் ரத்தமே இல்லை.

முந்தின நாள் காலையில் இதே ஜன்னலில்தான் பார்த்தேன். அப்போது ஒன்றும் இல்லை.

"புவனா," என்றேன்.

"என்ன ஆன்ட்டி?" கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பிள்ளையின் தாய்.

"எழுந்திரு. ஐ.சி. கார்டு எடு. பிள்ளையோட கிளினிக் புத்தகத்தை எடு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"குளிப்பாட்டலையா?"

"இல்ல."

என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து பையை எடுத்தாள். நான் போய் அடுப்பை அணைத்தேன்.

அட்டையில் இருக்கிற பேர்

நான் யார் என்று முன் வாரங்களில் எழுதியாகிவிட்டது. இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுக்கிறவர்களுக்கு நாலு வரி.

காஹாங் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பிறந்தேன். பேர் தனம். தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு சரி. மலாய் பேசுவேன். வாசிக்கச் சொன்னால் நேரம் எடுக்கும். ஆங்கிலம் எழுத்து தெரியும், சொல் தெரியாது. இதைத் தமிழில் நோட்டில் எழுதுகிறேன். என் மகள் ஷாலினி போனில் தட்டி அனுப்புகிறாள்.

பதினேழு வயதில் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிக்காட்டு வேலைக்குப் போகிற பொம்பளைகள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். நான் ஒன்றும் ஆசைப்பட்டுப் போகவில்லை. செம்பனை முள் ஏறிக் கை பழுத்துவிட்டது. உதிரிப் பழம் பொறுக்க முடியவில்லை. தோட்டத்துக் கணக்குக் கிராணி, "நீ கொட்டகைக்குப் போ" என்றார். போனேன். அன்றைக்கு அங்கே பதினோரு பிள்ளை. பதினோரு தொட்டில். எல்லாம் பழைய சேலை.

கை அங்கேதான் பழகினது. பசி அழுகை ஏறி ஏறிப் போகும். வயிற்று வலி அழுகை திடீரென்று வெட்டும். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் எந்தத் தொட்டில் என்று சொல்லுவேன்.

கல்யாணம் ஆகி பாசிர் கூடாங் வந்தேன். பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. விடியற்காலை தொழிற்சாலை பஸ். கம்பெனியை மூடினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது. தலைக்குத் தண்ணி ஊற்ற ஆள் இல்லை. "குளிப்பாட்டி விடுறீங்களா?" என்றாள். போனேன். அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். அந்த இன்னொருத்தி சிங்கப்பூரில் வேலை செய்கிற நாலு பேரிடம் சொன்னாள். இப்படித்தான் ஆரம்பம்.

பேர் அட்டை அடித்துக் கொடுத்தது ஷாலினி. பேருக்குக் கீழே 'நியூபார்ன் கேர் ஸ்பெஷலிஸ்ட்' என்று போட்டிருந்தாள்.

"இது யாருடி?"

"நீங்கதான்மா."

"பிள்ளை குளிப்பாட்டுறவங்கன்னு போடேன்."

"அப்படிப் போட்டா இப்போ உள்ளதுங்க கூப்பிடாதுங்க லா."

அதைச் சொல்ல எனக்கு நாக்கு சுழலவில்லை. இருந்தாலும் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவள் சொல்லித்தான் மூன்று நாள் கோர்ஸுக்கும் போனேன். ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் மேல்மாடி. பொம்மையைக் குளிப்பாட்டச் சொன்னார்கள். பொம்மை அழவில்லை, நெளியவில்லை. எனக்கு அது சிரமமாக இருந்தது. கடைசி நாள் ஒரு கட்டுத் தாள் கொடுத்தார்கள். மலாயும் ஆங்கிலமும். ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். தாள்களை இழுப்பறையில் வைத்தேன்.

நான் செய்கிற வேலை

ஏழு மணிக்குப் போய்விடுவேன். முதலில் பிள்ளையை ஜன்னலுக்குக் கொண்டு வருவேன். விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. பகல் வெளிச்சம்தான். நெற்றி, நெஞ்சு, தொடை, கால் என்று அழுத்திப் பார்ப்பேன். மஞ்சள் மேலிருந்து கீழே இறங்கும். நெஞ்சைத் தாண்டினால் கிளினிக். வீட்டு வைத்தியம் கிடையாது.

பிறகு தொப்புள். பிறகு எண்ணெய். கை பொறுக்கிற சூட்டில் தண்ணி. காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கணுக்காலில் கவிழ்த்துப் போட்டு ஊற்றுவேன். தாய்க்கு வயிற்றில் துணி கட்டுவேன். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு.

பிள்ளை வாயில் யாரும் எதையும் வைக்க விடமாட்டேன். ஒரு வீட்டில் சீனித் தண்ணி தொட்டு வைக்க வந்த மாமியாரின் கையைத் தட்டிவிட்டேன். "வேலைக்கு வந்தவளுக்கு என்னா திமிரு!" என்றார். மறு பிள்ளைக்கு அவரே போன் பண்ணிக் கூப்பிட்டார்.

துவைக்காத துணி பிள்ளை மேல் படக்கூடாது. கடையில் வாங்கின புதுத் துணியானாலும் ஒரு தண்ணி பார்க்காமல் போடமாட்டேன். இதைப் படிக்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைச் சேலை

புவனா சிங்கப்பூரில் ஒரு சரக்கு ஆபீசில் வேலை. விடியுமுன்னே பஸ் ஏறி எல்லைப் பாலம் தாண்டுகிறவள். அவள் புருஷன் தினேஷ் இங்கே ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. தலைப்பிள்ளை. ஆண் பிள்ளை. புவனாவின் அம்மா இரண்டு வருஷம் முன்னால் தவறிவிட்டார். வீட்டில் வேறு பெரிய ஆள் இல்லை.

பிள்ளையை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அன்றைக்கே நான் போய்விட்டேன்.

"ஏன் இத்தனை நாள் வெச்சிருந்தாங்க?" என்று கேட்டேன்.

"ரத்தம் பார்த்தாங்க ஆன்ட்டி," என்றான் தினேஷ். "என்னமோ ஒண்ணு குறைச்சலாம். இப்போ ஓகேன்னு விட்டுட்டாங்க."

கிளினிக் புத்தகம் மேசை மேல் இருந்தது. நான் விரிக்கவில்லை. விரித்தால் எழுத்துக் கூட்டணும். அவர்கள் இரண்டு பேரும் எதிரே நின்றார்கள். எனக்கு வெட்கம்.

ஒன்பதாம் நாள் தினேஷுக்கு லீவு. உத்தரத்தில் கொக்கி போட்டு, ஸ்பிரிங் மாட்டினான். புவனா அறைக்குள் போய் ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் அம்மாவின் பெட்டி.

திறந்ததும் வாசனை வந்தது. பூச்சி உருண்டை. துணிக்கு நடுவில் போடுவார்களே, வெள்ளையாக, கற்பூரம் மாதிரி. எனக்குப் பழகின வாசனை. தோட்டத்தில் எங்கள் எல்லார் வீட்டிலும் தீபாவளித் துணி அந்த வாசனையோடுதான் வெளியே வரும். எனக்கு அது நல்ல நாள் வாசனை.

ஒரு பச்சைச் சேலையை எடுத்தாள். மெல்லிசு. ஓரம் மஞ்சள். "அம்மா கோயிலுக்குக் கட்டுறது. தம்பிக்கு இதுல தொட்டில் கட்டுங்க ஆன்ட்டி."

"துவைச்சாச்சா?"

"இல்ல. துவைக்க வேணாம்."

"பச்சைப் பிள்ளை மேல படுற துணி. இன்னைக்குத் துவைச்சா மத்தியானம் காஞ்சிரும்."

"அம்மா வாசனை போயிரும் ஆன்ட்டி." சேலையை மூக்கில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு வருஷமா இந்தப் பெட்டியை நான் திறக்கவே இல்ல. வாசனை போயிரக் கூடாதுன்னுதான் திறக்கல. எங்கம்மாவை இவன் பார்க்கப் போறதில்ல. அவங்க வாசனையிலயாவது தூங்கட்டும்."

தினேஷ் என்னைப் பார்த்தான். "ரெண்டு நாளைக்குத்தானே ஆன்ட்டி. அப்புறம் துவைச்சுப் போடலாம்."

எந்த வீட்டிலும் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

"சரி," என்றேன்.

முடிச்சை நான்தான் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். பிள்ளையை நான்தான் உள்ளே வைத்தேன்.

பிள்ளை நன்றாகத் தூங்கினான். அன்றைக்கும் தூங்கினான். மறுநாளும் தூங்கினான். பாலுக்கு எழுப்ப வேண்டியிருந்தது. எழுப்பினால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் திரும்பவும் தூங்கினான்.

"மாமியார் சேலையில என்னமோ இருக்கு," என்றான் தினேஷ். "எனக்கும் ஒண்ணு கட்டிக் கொடுங்க ஆன்ட்டி. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்துக்கிறேன்."

மூன்று பேரும் சிரித்தோம்.

அது என்ன தூக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. அழுகையைக் கேட்டால் சொல்லுவேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அழாத பிள்ளையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"அடா"

பதினோராம் நாள் காலைக்கு வருகிறேன்.

தினேஷ் அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து வந்து மோட்டாரை நிறுத்தினான். தலையில் ஹெல்மெட். காதில் போன். பிள்ளைக்கு மஞ்சள் என்று சொன்னதும் மெர்சிங்கில் இருக்கிற அவன் அக்காவிடம் கேட்டான்.

"மஞ்சள்னா காலை வெயில்ல காட்டினா சரியாயிரும்னு அக்கா சொல்றாங்க ஆன்ட்டி."

"அக்காவை வெயில்ல நிக்கச் சொல்லு. நீ காரை எடு."

அரை மணி நேரத்தில் அவசரப் பிரிவில் இருந்தோம். முக்காடு போட்ட இளம் மலாய் டாக்டர். பிள்ளையைப் பார்த்ததும் அவர் முகம் மாறினது. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பிள்ளை அழணும். முனகினான். அவ்வளவுதான்.

டாக்டர் கிளினிக் புத்தகத்தை விரித்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு முத்திரை குத்தியிருந்தது. பெரிய எழுத்து. எனக்கே தூரத்திலிருந்து தெரிந்தது.

"வீட்டில் உபாட் கெகாட் இருக்கா?" மலாயில் கேட்டார். உபாட் கெகாட் என்றால் பூச்சி உருண்டை.

"தாக் அடா, டாக்டர்," என்றான் தினேஷ். "அதெல்லாம் நாங்க வாங்குறதே இல்ல."

"அலமாரியில்? துணியில்? தொட்டிலில்?"

தினேஷ் தலையை ஆட்டினான். புவனா பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டி அவள் நினைவுக்கு இன்னும் வரவில்லை.

எனக்கு வந்துவிட்டது.

"அடா," என்றேன். இருக்கு.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னேன். பெட்டி. சேலை. இரண்டு நாள். துவைக்கவில்லை.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். சில பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஒரு சத்து பிறவியிலேயே குறைவு. ஜி-சிக்ஸ்-பி-டி என்று பேர். பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். மற்றபடி சாதாரணமாக வளரும். ஆனால் பூச்சி உருண்டை அவர்களுக்கு ஆகாது. வாயில் போடத் தேவையில்லை. அந்த வாசனை மூச்சில் போனாலே போதும். ரத்தம் உடையும். உடைந்த ரத்தம்தான் மஞ்சள். அதுதான் துணியில் இருந்த நிறம்.

"அப்பாவிடம் சொல்லித்தானே அனுப்பியிருக்கிறார்கள்? ஒரு அட்டை கொடுத்திருப்பார்களே?"

தினேஷ் சட்டைப் பையைத் தடவினான். "கச்சாங், பயறெல்லாம் சாப்பிடக் கூடாதுன்னு அதுல முதல்ல போட்டிருந்துச்சு. பிறந்த பிள்ளை எங்க கச்சாங் சாப்பிடப் போகுதுன்னு..." பிறகு தமிழில், யாரிடமும் இல்லாமல், "அந்த அட்டை மோட்டார் சீட்டுக்குக் கீழ கிடக்கு," என்றான்.

ரத்தம் முழுசாக மாற்ற வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். மஞ்சள் மிக ஏறிவிட்டது. மூளைக்குப் போகலாம். பிழைத்தாலும் காது போகலாம். கையெழுத்து வேண்டும்.

"செத்துருவானா?" என்றாள் புவனா. தமிழில் கேட்டாள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

சுவரைப் பிடித்தேன். சுவர் சில்லென்று இருந்தது. கையை மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய் வாசனை. நம்பவில்லை. கழிவறைக்குப் போய்க் கழுவினேன். வெளியே வந்தேன். திரும்பப் போய்க் கழுவினேன்.

டாக்டர் வாசலில் நின்றார். "மஞ்சளைப் பார்த்தது யார்?"

"நான்."

"சரியான நேரத்தில் கொண்டு வந்தீர்கள், மக்சிக்," என்றார். மக்சிக் என்றால் ஆன்ட்டி. "மத்தியானம் வரைக்கும் விட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது."

அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இழுப்பறை

புவனா வீட்டுக்குத்தான் முதலில் போனேன். சேலையை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் இழுத்தேன். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினேன். பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தேன். எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். கோர்ஸில் கொடுத்த தாள்கள். ஷாலினியைக் கூப்பிட்டேன்.

"இதுல பூச்சி உருண்டை இருக்கான்னு பாரு."

"எதுக்கும்மா?"

"பாரு."

மூன்றாம் தாள். மேலிருந்து ஐந்தாவது வரி. அவள் வாசித்தாள். ஆங்கிலத்தில் ஒரு தடவை. மலாயில் ஒரு தடவை. பிறகு எனக்குத் தமிழில். டாக்டர் சொன்னது அத்தனையும் அந்த வரியில் இருந்தது. வேலைக்குப் போன முதல் நாள் கிளினிக் புத்தகத்தில் இதைப் பார்க்கணும் என்றும் எழுதியிருந்தது.

வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் நீல மையில் ஒரு டிக்.

என் டிக்.

படித்துப் புரிந்துகொண்டால் போடுங்கள் என்று அன்றைக்குச் சொன்னார்கள். எல்லாரும் குனிந்து போட்டார்கள். நானும் குனிந்து போட்டேன். மேலிருந்து கீழே வரிசையாக, ஒன்று விடாமல்.

"ஏம்மா என்கிட்ட கேட்கல?" என்றாள் ஷாலினி.

நான் எழுந்து போய்ச் சான்றிதழைக் கழற்றினேன். கட்டிலுக்குக் கீழே வைத்தேன். சுவரில் ஆணி இருந்தது. அதையும் பிடுங்கினேன்.

நீல வெளிச்சம்

ரத்தம் மாற்றினார்கள். பிள்ளை நீல விளக்குக்குக் கீழே கிடந்தான். கண்ணுக்குத் துணி கட்டியிருந்தது. தொப்புளில் குழாய். நான் ஐந்தாறு நாள் துடைத்துத் துடைத்துக் காய வைத்த தொப்புள்.

தினமும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. வெளியே பெஞ்சில் உட்காருவேன். புவனாவுக்குக் கஞ்சி கொண்டு போவேன். அவள் வாங்கிக்கொள்வாள். பேசமாட்டாள். தினேஷ் வருவான். எதிர்ப் பெஞ்சில் உட்காருவான். தரையைப் பார்ப்பான்.

நாலாம் நாள் அவளே பேசினாள்.

"அம்மா வாசனைன்னு நெனச்சேன் ஆன்ட்டி."

கஞ்சி டப்பாவை அவள் பக்கத்தில் வைத்தேன்.

"எங்கம்மா எல்லாத்துலயும் உருண்டை போடுவாங்க. அலமாரி, பெட்டி, பீரோ. எப்பவும் அவங்க மேல அந்த வாசனைதான். கட்டிப் பிடிச்சா அதுதான் வரும். வேற வாசனை எனக்கு ஞாபகத்துலயே இல்ல."

மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க துவைக்கச் சொன்னீங்க," என்றாள்.

"துவைச்சிருந்தாலும் ஒரு தண்ணியில போயிருக்காதுன்னு டாக்டர் சொன்னாங்க." அதுவரைக்கும் நிஜம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "என்கிட்ட தாள் இருந்துச்சு, புவனா. கோர்ஸ்ல கொடுத்தது. அதுல எழுதியிருந்துச்சு. நான் வாசிக்கல. எனக்கு மலாயும் இங்கிலீஷும் வாசிக்க வராது."

ஷாலினியைத் தவிர யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

அவள் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு நல்லா வாசிக்க வரும்," என்றாள். "ஆபீஸ்ல நாள் முழுக்க வாசிக்கிறதுதான் வேலை. புத்தகம் மேசையிலதான் இருந்துச்சு."

கஞ்சி டப்பாவைத் திறந்தாள். ஒரு வாய் குடித்தாள். "உப்பு இல்ல ஆன்ட்டி," என்றாள். உப்புப் போட மறந்திருந்தேன்.

பிள்ளை பிழைத்தான். இரண்டு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். காது எப்படி என்று அப்போது சொல்ல முடியாது, மூன்று மாசம் போகட்டும் என்றார்கள்.

அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. வேறு வீட்டுக்கும் போகவில்லை. போன் வந்தால் முடியாது என்றேன்.

சேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எரிக்க அவளுக்கு மனசு வரவில்லை. என் வீட்டுப் பின்னால் கொடியில் போட்டேன். வெயிலில் கிடந்தது. மழையில் நனைந்தது. வாரம் ஒரு தடவை வெந்நீரில் அலசினேன். மூக்கில் வைத்துப் பார்ப்பேன். இருக்கிற மாதிரியும் இருக்கும். இல்லாத மாதிரியும் இருக்கும்.

தூங்க வைக்கணும்

மூன்று மாசம் கழிந்து ஒரு காலையில் புவனா போன் பண்ணினாள்.

"ஆன்ட்டி, தம்பிக்குக் காது டெஸ்ட். தூங்கினாத்தான் எடுக்க முடியுமாம். ரெண்டு தடவை போய்த் திரும்பி வந்துட்டோம். அந்த ரூமைக் கண்டாலே முழிச்சுக்கிறான். நீங்க வந்து தூங்க வைப்பீங்களா?"

சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

சின்ன அறை. சுவர் எல்லாம் பஞ்சு வைத்து மூடியிருந்தது. கதவைச் சாத்தினால் மூச்சு விடுவது கேட்கும். சீனப் பெண் ஒருத்தி மிஷின் முன்னால் இருந்தாள். "சத்தம் கூடாது, ஆன்ட்டி," என்றாள் மலாயில்.

"தரையில் உட்காரலாமா?"

சிரித்தாள். "உட்காருங்க."

காலை நீட்டினேன். பிள்ளையைக் கணுக்காலில் மல்லாக்கப் போட்டேன். கன்னத்தில் சதை வைத்திருந்தான். கால் நீண்டிருந்தது. என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. முழித்துப் பார்த்தான்.

பாதத்தை மட்டும் ஆட்டினேன். இடமும் வலமும். நெஞ்சில் கை வைத்தேன்.

எந்தப் பிள்ளையைத் தூங்க வைத்தாலும் வாய் தானாகப் பாடிவிடும். ஆராரோ மட்டும்தான், மேலே பாட்டுத் தெரியாது. அன்றைக்கும் வாய் திறந்துவிட்டது. சீனப் பெண் விரலை உதட்டில் வைத்தாள். மூடிக்கொண்டேன்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. நான் பாடினதை இவன் கேட்டானா, இல்லையா? முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அது அவனுக்குத் தெரியக்கூடாது என்று கையை எடுத்தேன். எடுத்ததும் சிணுங்கினான். திரும்ப வைத்தேன்.

பத்து நிமிஷத்தில் கண் செருகினது. இந்தத் தடவை மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்தேன். உதட்டைப் பார்த்தேன். சிவப்பு. நல்ல தூக்கம்தான்.

நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினாள். காதில் சின்ன அடைப்பு வைத்தாள். மிஷினில் கோடு கோடாக ஓடினது. அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லமாட்டேன் என்கிற முகம். என் கால் மரத்துப் போனது. அசைக்கவில்லை. புவனா சுவரோரம் நின்றாள். முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நேரம் போனது.

"கானான், ஓகே," என்றாள் அந்தப் பெண். வலது.

அடைப்பை மாற்றினாள். திரும்பவும் கோடு. திரும்பவும் நேரம்.

"கீரி," என்றாள். இடது. ஒரு பொத்தானை அழுத்தினாள். இன்னொரு தடவை ஓட்டினாள். "கீரியும் ஓகே."

புவனா அப்படியே சரிந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சத்தம் போடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் சத்தம் போடாமல் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கால் மரத்திருந்தது, அதை மட்டும் சொன்னேன்.

வேலைக்கு இப்போது திரும்பவும் போகிறேன். முதல் நாள் கிளினிக் புத்தகத்தைக் கேட்கிறேன். "எனக்கு வாசிக்க வராது, நீங்க வாசிங்க" என்று அவர்கள் வாயால் வாசிக்க வைக்கிறேன். பிறகு ஒவ்வொரு அலமாரியையும் திறந்து மூக்கை விடுகிறேன். "ஆன்ட்டி, கஸ்டம்ஸ்ல இருந்து வர்றீங்களா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். கேட்கட்டும்.

அன்றைக்குக் காது டெஸ்ட் முடிந்து வெளியே வந்தபோது தினேஷ் நடையில் நின்றுகொண்டிருந்தான். வேலையிலிருந்து நேராக மோட்டாரில் வந்திருந்தான். கக்கத்தில் ஹெல்மெட். எங்கள் முகத்தைப் பார்த்தான். புவனா தலையை ஆட்டினாள்.

ஹெல்மெட் நழுவிக் கல் தரையில் விழுந்தது. நடை முழுக்க எதிரொலித்தது.

புவனா தோளில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை துள்ளினான். இரண்டு கையையும் விரித்தான். முகம் சிவந்தது. வீறிட்டுக் கத்தினான்.

"சாரி, சாரி, தம்பி..." என்று தினேஷ் ஓடி வந்தான். புவனா முதுகைத் தட்டப் போனாள்.

"இருங்க, சத்தம் கேட்டு அழறான்," என்றேன்.

இரண்டு பேரும் நின்றார்கள். நானும் நின்றேன். ஹெல்மெட் இன்னும் தரையில் உருண்டுகொண்டிருந்தது. பிள்ளை அழுதான். யாரும் அவனைச் சமாதானப்படுத்தவில்லை.